சூட்டுக்கை அண்ணி

என் அண்ணிக்குக் காலையில் இஸ்திரிக் கடை. மதியம், நான் நர்ஸாக இருக்கும் புற்றுநோய் வார்டில் ரெய்கி என்கிற தொடுசிகிச்சை. நோயாளியின் தோளில் கையை வைத்து, கண்ணை மூடி, பேசாமல் உட்கார்ந்திருப்பார். அவ்வளவுதான், சம்பளமும் கிடையாது. அவரை உள்ளே விடச் சொல்லிப் பெரிய டாக்டரிடம் கெஞ்சியவள் நான். ரெய்கி மேல் நம்பிக்கை உண்டா என்று என்னைக் கேட்காதீர்கள். அண்ணி மேல் உண்டு.

"நோயைத் தீர்க்க டாக்டர் இருக்காரு. என் கையால கொஞ்சம் நிம்மதி கிடைச்சா சந்தோசம்" என்று எல்லாரிடமும் முதலிலேயே சொல்லிவிடுவார்.

லாரி டிரைவர் ஒருவர் கீமோ மருந்து ஏற்றிக்கொள்ள வந்துகொண்டிருந்தார். மருந்து ஏற ஆரம்பித்து அரைமணி ஆனால் போதும், படபடப்பு வந்துவிடும். "ஆளை விடுங்க" என்று எழுந்துவிடுவார். இரண்டு முறை பாதியிலேயே போய்விட்டார். இந்தத் தடவையும் முழு மருந்து ஏறாவிட்டால் சிகிச்சையே வீண் என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். அவர் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை.

அண்ணியை அனுப்பினேன். அன்றைக்கென்று பார்த்து ஒரு பள்ளிக்கூடத்துச் சீருடை மொத்தத்தையும் விடியற்காலையிலிருந்து தேய்த்துவிட்டு வந்திருந்தார், மகராசி.

முக்கால் மணி கழித்து எட்டிப் பார்த்தேன். நோயாளி விழித்திருக்கிறார், அண்ணி தூங்குகிறார்! தோளில் வைத்த கை வைத்தபடியே இருக்க, லேசான குறட்டை வேறு. மானம் போச்சு! டாக்டர் பார்த்தால் என்ன ஆகும்? ஓடிப்போய் எழுப்பப் போனேன்.

டிரைவர் உதட்டில் விரலை வைத்தார். "எழுப்பாதீங்க சிஸ்டர். பாவம், அசந்து தூங்குறாங்க."

"உங்களுக்குப் படபடப்பு?"

"இருக்கு. ஆனா நான் அசைஞ்சா இவங்க முழிச்சுக்குவாங்களே."

மூன்று மணி நேரம்! நடுவில் ஒருமுறை அவர் நெற்றியெல்லாம் வியர்த்தது, கால் தரையைத் தேடியது. அவர் அண்ணியின் முகத்தைப் பார்த்தார். காலை மெதுவாக மேலே எடுத்துக்கொண்டார்.

மருந்து தீர்ந்து மெஷின் கீச்சிட்டதும் அண்ணி திடுக்கிட்டு எழுந்தார். "ஐயையோ, கண்ணசந்துட்டேனா! மன்னிச்சுக்குங்க, மறுபடி முதல்லேருந்து கை வைக்கிறேன்..."

"எதுக்கும்மா? முழுசா ஏறிடுச்சு!" டிரைவருக்கு வாயெல்லாம் பல். அவர் மனைவி காலி பாட்டிலைப் பார்த்துச் சிரிப்பும் அழுகையுமாக நின்றார். நானும் அழுதேன், எனக்கென்ன வெட்கம்?

"ரெய்கி வேலை செஞ்சுதா?" என்று டாக்டர் கேட்டார். "பிரமாதமா டாக்டர்" என்றேன். விவரம் சொல்ல எனக்கென்ன பைத்தியமா?

அடுத்த முறை டிரைவர் அரைமணி முன்னதாகவே வந்துவிட்டார், கக்கத்தில் ஒரு தலையணையோடு.

"இங்கதான் தலையணை இருக்கே அண்ணே?" என்றேன்.

"இது எனக்கில்ல சிஸ்டர். போன தடவை அவங்க கழுத்து சாஞ்சே கெடந்துச்சு."