ஒரு கை வேலை

நம்பாதவங்க நம்ப வேண்டாம். ஆனா கதை விடுறேன்னு மட்டும் சொல்லிடாதீங்க. இது எங்க அத்தானுக்கு, அதாவது என் அக்கா வீட்டுக்காரருக்கு, பட்டப்பகல்ல நடந்தது. அவர் பேயை நம்புற ஆளே இல்ல. கரண்டுக்கு மட்டும்தான் பயப்படுவார்.

கண்ணாடி பல்பு மாதிரி வால்வு வச்ச பழைய ஆம்ப்ளிஃபையரை ரிப்பேர் பண்றதுதான் அவர் தொழில். மூடியைத் திறந்தா உள்ளே நானூறு வோல்ட் இருக்கும். ரெண்டு கையும் பட்டா கரண்டு நெஞ்சு வழியாப் போயிடும். அதனால எப்பவும் வலது கையாலதான் வேலை, இடது கை பேன்ட் பையில. அக்காவுக்கு அப்போ ஏழு மாசம். "பையிலேர்ந்து கையை எடுத்தீங்க, தொலைச்சிடுவேன்"னு மிரட்டித்தான் தினமும் கடைக்கு அனுப்புவா.

அன்னைக்கு ஒரு டீச்சர் அவங்க அப்பாவோட ஆம்ப்ளிஃபையரைக் கொண்டு வந்தாங்க. "ம்ம்னு ஒரே இரைச்சல். சரி பண்ணிடுங்க." அவ்வளவுதான் சொன்னாங்க, போயிட்டாங்க.

மணி 3.10. கடையில அத்தான் மட்டும். மூடியைக் கழட்டி, ஸ்பீக்கரை மாட்டி, சுவிட்சைப் போட்டார். ம்ம்ம்ம்... முதல் வால்வு பக்கம் விரலைக் கொண்டு போனார், இரைச்சல் ஏறிச்சு. எடுத்தார், இறங்கிச்சு. கை கிட்டப் போனா அப்படித்தான் ஏறும், அது சகஜம். டீ குடிக்கலாம்னு நாலடி தள்ளி வந்தார்.

இரைச்சல் ஏறிச்சு. இறங்கிச்சு. மறுபடி ஏறிச்சு. யாரோ கையைக் கிட்டக் கொண்டு போய் எடுக்கிற மாதிரி...

கடையில வேற யாரும் இல்ல.

3.22. சுவிட்சை அணைச்சு, நாலு வால்வையும் கழட்டி மேஜையில வச்சார். வால்வு இல்லாம ஸ்பீக்கர்ல மூச்சுகூட வராது. சுவிட்சைப் போட்டார்.

ம்ம்ம்ம்...

பிளக்கையே பிடுங்கினார். நிக்கல. இப்போ அது மெஷின் சத்தமாவே இல்ல. வாயை மூடிக்கிட்டு ஒரு ஆள் முனகுற சத்தம்.

பயம்னா அப்படி ஒரு பயம் அவருக்கு. ஸ்பீக்கர் வயரை வெட்டிடலாம்னு வலது கையில கட்டரை எடுத்தார். பிளக்கைத்தான் பிடுங்கியாச்சேன்னு, ஆம்ப்ளிஃபையரோட இரும்புச் சட்டத்தைப் பிடிக்க இடது கையை எடுக்கப் போனார்.

வரல.

பைக்குள்ள யாரோ அவர் விரலைப் பிடிச்சிருந்தாங்க. ஜில்லுனு...

உதறினார். விடல.

கட்டர் நழுவி உள்ளே விழுந்துச்சு. படீர்! நீலமா ஒரு பொறி. கட்டர் முனை உருகிடுச்சு.

வால்வைக் கழட்டிட்டா, கண்டன்சர்ல தேங்கின கரண்டு பிளக்கைப் பிடுங்கினாலும் இறங்காது. இருபது வருஷமா தெரிஞ்ச விஷயம். பயத்துல மறந்துட்டார்.

3.26. சத்தம் நின்னுச்சு. பைக்குள்ள பிடி விட்டுச்சு.

சாயங்காலம் டீச்சருக்கு போன் பண்ணினார். நடந்ததைச் சொன்னார். அவங்க அழுதாங்க. "அப்பா இந்த இரைச்சலைத்தான் சரி பண்ணிக்கிட்டிருந்தார். பிளக்கைப் பிடுங்கிட்டுத்தான் கை வச்சார். ரெண்டு கையும். அங்கேயே உயிர் போயிடுச்சு. அதைச் சொன்னா யாரும் தொட மாட்டாங்கன்னு உங்ககிட்ட சொல்லல."

அக்கா பொண்ணுக்கு இப்போ மூணு வயசு. அத்தான் இன்னும் ஒரு கையாலதான் வேலை செய்றார். ஆனா இடது கையை முதுகுக்குப் பின்னாடி வச்சுக்கிறார். பையில ஏன் வைக்கிறதில்லன்னு ஒரு நாள் கேட்டேன்.

"அதுல இடம் இல்ல மாப்ளே."