லெட்டிஷியாவின் கழுத்து

கண்ணாடிக் கூடத்தில், படமெடுத்துக்கொள்ள வந்த லெட்டிஷியா சிரிப்பது இருட்டறைவரை கேட்டது. ஈரத் தகட்டைக் கழுவிக்கொண்டிருந்த ஹெஸ்டரின் நெஞ்சு பற்றி எரிந்தது. கணவன் சைலஸ் எடுக்கும் படங்களைக் கழுவியே கறுத்துப்போன விரல்கள் அவளுடையவை. சைலஸ் தன் கையால் தகட்டில் பூசும் வெள்ளி மருந்து தோலில் படும்போது தெரியாது. வெயிலில் கறுக்கும், பல நாளைக்குப் போகாது.

"ஐயோ, உங்க விரல்! கையுறை போட்டுக்கக் கூடாதா?" என்றாள், புறப்பட வந்த லெட்டிஷியா.

"அவளுக்கெதுக்குங்க கையுறை?" என்று சைலஸ் உள்ளிருந்தே சிரித்தான்.

ஹெஸ்டர் வாசற்கதவைத் திறந்தாள். வெயில் விழுந்த அந்த வெள்ளைக் கழுத்தில், காதுக்குக் கீழே, நான்கு விரல்தடங்கள் பழுப்பாகத் தெரியத் தொடங்கியிருந்தன. ஹெஸ்டரின் கண்கள் நிறைந்தன.

"வீட்டுக்குத்தானே, அம்மா?"

"ஆமா, அவர் சாப்பிடாம காத்திருப்பார்."

"வெயில்லயே நடந்து போங்க. உடம்புக்கு நல்லது."

ஹெஸ்டர் கதவைச் சாத்தினாள்.