வெறுங்கையோடு வரச்சொன்ன கன்னியப்பன்

ரேஷன் கடையில் சர்க்கரைக்கு நின்றுகொண்டிருந்தபோதுதான் பின்னால் இருந்தவர் சொன்னார், பெரிய காஞ்சிபுரத்துக் கன்னியப்பன் விடியற்காலையில் போய்விட்டாராம். நான் உடனே ஓடவில்லை. எனக்கு முன்னால் நான்கு பேர்தான் இருந்தார்கள். சர்க்கரையை வாங்கி வீட்டில் கொடுத்துவிட்டுத்தான் போனேன். அவரைத் தெரிந்தவர்களுக்கு இதில் குறை தோன்றாது. அவரும் அதைத்தான் செய்திருப்பார்.

தாலுகா ஆபீசில் அவர் ஹெட்கிளார்க், எனக்கு அடுத்த மேஜை. இருபது வருஷம் ஒரே பானைத் தண்ணீரைக் குடித்தோம். அறுபதுகளின் கடைசியில் அவர் ஓய்வு பெற்றார், இரண்டு வருஷம் கழித்து நான். ஓய்வு பெறும் அன்று மாலை போட்டு, புகழ்ந்து பேசி, வீடு வரைக்கும் கொண்டுவந்து விடுவார்கள். மறுமாதம் வரப்போகும் பென்ஷனைப் பற்றி அந்தக் கூட்டத்தில் யாரும் மூச்சு விடுவதில்லை.

அவர் பேசினார். ஓய்வு பெற்ற வாரமே பால்காரர், மளிகைக்கடைக்காரர், சலவைக்காரர் எல்லாரிடமும் போய், இனிமேல் பாதி வருமானம்தான், அதற்குத் தக்கபடிதான் வாங்குவேன் என்று சொல்லிவிட்டு வந்தார். முசரவாக்கத்தில் பயிர்வைக்கும் குடும்பத்தில் பிறந்தவர். மழை பொய்த்த வருஷத்தில் வயிற்றைச் சுருக்கிக்கொள்ள அவர்கள் வெட்கப்பட்டதில்லை என்பார். வீட்டின் முன்கூடத்தை ஒரு நெசவாளிக்குத் தறி போட வாடகைக்கு விட்டுவிட்டு, அவரும் மனைவியும் மகளும் பின்கட்டில் இருந்துகொண்டார்கள். நாளெல்லாம் தறிச் சத்தம். எப்படிப் பொறுத்துக்கொள்கிறீர்கள் என்று கேட்டால், "அது இல்லன்னா பகல்ல தூங்கிடுவேன்பா," என்பார். இரண்டு வேளைக் காபியை ஒரு வேளையாக்கினார். ஆனால் அந்த ஒரு வேளைக் காபி தாசில்தாருக்கும் கிடைக்காத காபி. நான் என் வீட்டில் மூன்று வேளையும் தண்ணீர்க் காபி குடித்துக்கொண்டு கௌரவமாக இருந்தேன்.

எங்கள் ஊரில் ஓய்வு பெற்றவனைக் கொல்வது சாப்பாட்டுச் செலவு இல்லை, மொய். முகூர்த்த மாதம் வந்தால் தினம் ஒரு பத்திரிகை வரும். உத்தியோகத்தில் இருந்தபோது எழுதியதைவிடக் குறைத்து எழுதினால், மொய் நோட்டோடு உட்கார்ந்திருப்பவர் ஒருமுறை நிமிர்ந்து பார்ப்பார். அந்தப் பார்வைக்குப் பயந்தே பாதிக் கல்யாணங்களுக்கு முதுகுவலி, மூட்டுவலி என்று சொல்லியனுப்பிவிடுவேன். கன்னியப்பன் முந்தின நாளே போய் நிற்பார். காய் நறுக்குவார், பந்தியில் தண்ணீர் ஊற்றுவார். ஹெட்கிளார்க்காக இருந்த மனுஷர் ஒரு கல்யாணத்தில் செம்பைத் தூக்கிக்கொண்டு என் இலைக்கு வந்தபோது, எனக்கு எழுந்து போய்விடலாம் போலிருந்தது. அவருக்கு என் முகம் புரிந்துவிட்டது.

"மொய் எழுதற எடத்துல நான் நின்னா ரெண்டு பேருக்கும் சங்கடம். இங்க நின்னா யாருக்கும் இல்ல," என்றார்.

பிறகு அவருடைய ஒரே மகளுக்குக் கல்யாணம் வந்தது. நெருங்கின வீடு, சும்மா போய் நிற்க முடியாது என்று என் வறட்டுக் கௌரவம் சொன்னது. பெண்ணழைப்பு அன்று காலையிலேயே, ஜுரம் என்று பக்கத்து வீட்டுக்காரரிடம் சொல்லியனுப்பிவிட்டுப் படுத்துக்கொண்டேன். சாயங்காலம், பெண்ணைப் பெற்றவர், அத்தனை வேலையையும் போட்டுவிட்டு, தூக்குவாளியை மாட்டிக்கொண்டு சைக்கிளில் வந்துவிட்டார். நான் போர்வையை இழுத்துக்கொண்டேன். நெற்றியில் கை வைத்துப் பார்த்தார். அது சில்லென்றுதான் இருந்திருக்கும். கையை எடுக்கக் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொண்டார்.

"மொளகு ரசம் எடுத்தாந்திருக்கேன். காலைல பந்திக்கு ஆளு கம்மியா இருக்குது. ஜொரம் விட்டா வாப்பா. வெறுங்கையோட வா."

நான் போகவில்லை. பொய் தெரிந்துபோனதைவிட, வெறுங்கையோடு வா என்றதுதான் என்னைச் சுட்டது. அதற்குப் பிறகு அவர் ஒருநாளும் அதைக் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. சந்தித்தோம், பேசினோம், அவர் வீட்டு நல்ல காபியைக் குடித்தோம். மன்னிப்புக் கேட்க ஆயிரம் சாயங்காலங்கள் இருந்தன. நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று எழுந்து வந்துவிடுவேன்.

இப்போது எனக்கு எல்லாமே அலுத்துவிட்டது, முக்கியமாகக் கௌரவமாக இருப்பது. அவருடைய காரியம் முடிந்த வாரம், தாமலிலிருந்து என் மைத்துனர் தன் மகனுடைய கல்யாணப் பத்திரிகையோடு வந்தார். தட்டை வாங்கிக்கொண்டேன். முதுகுவலி நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அதை விழுங்கினேன்.

"மொய் எழுத எனக்கு வசதி இல்ல மச்சான். முந்தின நாளே வந்து வேல செய்யறேன்," என்றேன்.

கதவோரம் நின்ற என் மனைவி தலையைக் குனிந்துகொண்டாள். மைத்துனர் என்னவோ நான் நேரம் கேட்டதுபோலத்தான் பதில் சொன்னார்.

"அதுக்கின்னா மாமா. ஆளு கெடைக்காமதான் அல்லாடிக்கினு இருக்கேன். வந்துடுங்க."

சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குக் கிளம்பிவிட்டார். அரை நிமிஷம் ஆகவில்லை. கன்னியப்பனிடமிருந்து எனக்கென்று மிஞ்சியது, வசதி இல்லை என்று சொல்லும் அந்த ஒரு வாக்கியம்தான். அதை அவரிடமே சொல்லியிருந்தால், அந்தப் பெண்ணின் கழுத்தில் தாலி ஏறியதை நானும் பார்த்திருப்பேன்.