முனீரே பெயர் படித்தால்

எங்கள் மலையூர் தாஷ்லிதெரெயில் ஒலிபெருக்கி கரகரத்தால் நடக்கிறவன் நிற்பான். கறிக்கடைக்காரர் கத்தியைக் கீழே வைப்பார். தண்ணீர் வராது என்பதையும், காணாமல் போன பசுவையும் நகராட்சி கம்பங்களில் கட்டிய அந்தப் புனல் ஒலிபெருக்கிகளில்தான் சொல்லும். சாவையும் அதில்தான் சொல்லும். எதைச் சொன்னாலும் முதலில் மைக்கை நகத்தால் மூன்று முறை தட்டும் சத்தம் வரும். பிறகு முனீரேயின் குரல்: "அன்பார்ந்த ஊர்மக்களே." அடுத்து வருவது பசுவா மனிதனா என்று தெரியும்வரை எங்கள் ஊர் மூச்சு விடாது. பெயர் வந்து, அது தன் வீட்டுப் பெயர் இல்லை என்றதும் ஊர் பெருமூச்சு விடும், அப்படி விட்டதற்காகக் கொஞ்சம் வெட்கமும் படும்.

முனீரே சேணக்காரர் ரிஸாவின் மகள். ஒல்லி உடம்பு, பெரிய கை, ஏற்றமும் இறக்கமும் இல்லாத குரல். அந்தக் குரலுக்காகத்தான் நகராட்சி வேலையே கிடைத்தது. அவள் கணவர் காஸிம் பால் வண்டி ஓட்டினார். ஒரு பனிக்காலத்தில் வண்டி பாலத்திலிருந்து சறுக்கி ஆற்றுக்குள் போய்விட்டது. அன்றைக்கு குமாஸ்தா அவளிடம் வந்து, "நீங்க வீட்டுக்குப் போங்கக்கா, நான் படிச்சிடறேன்" என்றார். "என் புருஷன் பேரை நான் படிக்காம வேற யாரு படிக்கிறது" என்று மைக்கைத் தட்டினாள். அதே குரல்தான். கணவர் பெயர், தெரு, தொழுகை நேரம், எந்தப் பள்ளிவாசல் என்று எல்லாவற்றையும் சொல்லி முடித்து, சுவிட்சை அணைத்த பிறகுதான் தரையில் உட்கார்ந்தாள். மகன் எர்கின் அப்போது பள்ளிக்கூடத்தில் சேரவில்லை. அவளுக்கு மிச்சம் இருந்தது அவன் ஒருவன்தான்.

அந்தக் குரலைக் கேட்டு ஊர் அன்றுமுதல் கொஞ்சம் பயந்தது. மரியாதை கலந்த பயம்தான். அதைக் கெடுத்தது எங்கள் பல்கலைக்கழகம்.

பல்கலைக்கழகம் என்றதும் பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். மூன்று கட்டடம், ஒரு பேருந்து, பழைய புகையிலைக் கிடங்கைப் பெருக்கித் துடைத்துப் போட்ட ஒரு மண்டபம். அவ்வளவுதான். மலையில் அக்ரூட் உலுக்க ஆரம்பிக்கும் சமயத்தில் மாணவர்கள் வந்து இறங்குவார்கள். நிகழ்ச்சிகளைப் பார்த்துக்கொள்ள நிலூஃபர் என்று ஒரு பேராசிரியை வந்தார். ஜெர்மனியில் பிறந்து வளர்ந்தவர், நல்ல மனசு, எல்லாரையும் பார்த்துச் சிரிப்பார். இலையுதிர்காலத்துக்கென்று நிறைய ஏற்பாடு செய்தார்: புது மாணவர் வரவேற்பு, நாடகக் குழு, அக்ரூட் விழா, வாரம் ஒரு சொற்பொழிவு. மண்டபத்தில் காலி நாற்காலிகளைப் பார்த்துப் பார்த்து அலுத்துப்போய் ஒருநாள் நகராட்சிக்கே வந்துவிட்டார்.

"முனீரே அக்கா, எங்க நிகழ்ச்சியையும் நீங்களே சொல்லிடுங்க. ஊர் ஜனம் வரணும்."

"என் குரல்ல கூப்பிட்டா யாரும் சிரிச்சுக்கிட்டு வர மாட்டாங்கம்மா."

"ஏன், அழகாத்தானே இருக்கு? ரேடியோ மாதிரி."

நகராட்சித் தலைவர் சரி என்றுவிட்டார்.

முதல் அறிவிப்பு நிலவியல் ஆசிரியர் வெதாதுடையது. 'நம் காலடியில் என்ன இருக்கிறது' என்று தலைப்பு. முனீரே மூன்று முறை தட்டினாள். ஆற்றோரத் தெருவில் குடியிருக்கும் ஆசிரியர் வெதாத், வியாழக்கிழமை, நண்பகல் லுஹர் தொழுகைக்குப் பிறகு, புகையிலைக் கிடங்கில், என்று படித்தாள். சாவுச் செய்திக்கும் இதே வரிசைதான். எங்கள் ஊர்க் காதுகளில் பெயர் விழுந்தால் போதும், மீதியை அவை கேட்பதில்லை. கொஞ்ச நேரத்தில் தெருவெல்லாம் வெண்ணெயில் மாவு வறுபடும் வாசனை. சாவு வீட்டுக்கு அல்வா கிண்டும் வாசனை அது. முனீரேயின் பக்கத்து வீட்டு சாப்ரியே முதல் ஆளாகத் தட்டை மூடி எடுத்துக்கொண்டு போய் வெதாத் வீட்டுக் கதவைத் தட்டினாள். கதவைத் திறந்தவர் வெதாதேதான், முகத்தில் பாதி சவர நுரையோடு.

மனுஷன் நல்ல மாதிரி. விழுந்து விழுந்து சிரித்தார். அல்வாவை வாங்கி அங்கேயே ஒரு வாய் போட்டு, "செத்தா இவ்வளவு கவனிப்புன்னா முன்னாடியே செத்திருப்பேனே" என்றார். ஊரும் சேர்ந்து சிரித்தது. புதன்கிழமை டீக்கடையில் அதே கதையைச் சொல்லிக்கொண்டிருந்தவர், கையில் பிடித்த டீயோடு அப்படியே சாய்ந்துவிட்டார்.

முனீரே மறுபடியும் மைக்கைத் தட்டினாள். அதே பெயர், அதே தெரு, அதே வியாழக்கிழமை, அதே லுஹர். புகையிலைக் கிடங்குக்குப் பதில் பெரிய பள்ளிவாசல் என்றாள். இந்தத் தடவை யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு பல்கலைக்கழகத்தில் யாரும் தன் பெயரைப் படிக்கச் சம்மதிக்கவில்லை. படித்தவர்கள்தான், வெளியில் சிரிப்பார்கள், ஆனால் தனியாக வந்து முனீரேயின் காதில், "என் பேரு மட்டும் வேணாங்க" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். அறிவிப்புகள் பெயரில்லாமல் போயின. வெள்ளிக்கிழமை மாலை ஒருவர் வயலின் வாசிப்பார். செவ்வாய்க்கிழமை ஒருவர் ஒட்டோமான் காலத்துப் பாலங்களைப் பற்றிப் பேசுவார். மூடுபனிக்குள்ளிருந்து அந்தக் குரல் "ஒருவர்" என்று சொல்லும்போது இன்னும் மோசமாக இருந்தது. யார் அந்த ஒருவர் என்று மாணவர்கள் தங்களுக்குள் எண்ணிப் பார்ப்பார்கள்.

ஊர் அவளை விட்டு விலகியது. எதிரே வந்தால் தெருவின் அந்தப் பக்கம் போவார்கள். பேக்கரிக்காரர் காசை வாங்கிக்கொண்டு, "பேரு சொல்லாம கேளுங்கக்கா, ரொட்டி வந்திடும்" என்பார். சாப்ரியேகூட ஒருநாள் சுவருக்கு மேல் எட்டிப் பார்த்துச் சொன்னாள்:

"அடியே, இனிமே என்னைப் பேரு சொல்லிக் கூப்பிடாத. 'ஏய்'னு கூப்பிடு போதும்."

"இத்தனை வருஷமா கூப்பிட்டேனே, செத்தா போயிட்ட?"

"மைக்கு இல்லாம கூப்பிட்ட. இருந்தாலும் எதுக்கு வம்பு?"

முனீரே சிரித்தாள். வீட்டுக்குள் போய் அழுதாள்.

சில வருடம் கழித்து எர்கின் படிப்பை முடித்து வந்தான். வானிலைப் படிப்பு. எங்கள் பல்கலைக்கழகத்திலேயே வேலை கிடைத்தது. தாய்க்குத் தலைகால் புரியவில்லை. ஆனால் வந்த மகன் தெருவில் நடந்துபோகும்போது எல்லாவற்றையும் பார்த்தான். தாயைக் கண்டு ஜனங்கள் ஒதுங்குவதைப் பார்த்தான். ஒருநாள் சாப்பாட்டு மேஜையில் கரண்டியைக் கீழே வைத்தான்.

"அம்மா, என் சொற்பொழிவு அடுத்த வாரம். மூடுபனி எங்க போகுதுன்னு தலைப்பு. நீதான் படிக்கணும். பேரோட படிக்கணும்."

"மாட்டேன்."

"நீ படிச்சு நான் சாகலைன்னா எல்லாம் முடிஞ்சுபோகும். ஊரு உன்னைப் பாத்து மறுபடி சலாம் சொல்லும்."

"செத்துட்டா?"

"வெதாத் சாருக்கு நெஞ்சுவலி இருந்தது. ரெண்டு தடவ ஆஸ்பத்திரிக்குப் போனவரு. நீ கொல்லல."

"நான் கொன்னேன்னு யாருடா சொன்னா?"

"நீதான். பேரு படிச்ச நாள்ல எல்லாம் நீ சாப்பாட்டைத் தொடறதில்ல. அதைப் பாத்துக்கிட்டு நான் எப்படி இங்க இருக்கிறது?"

தாய்க்காகத்தான் கேட்கிறான் என்பது புரிந்ததும் அவளால் மறுக்க முடியவில்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. பிடிவாதத்துக்குக் கேட்டிருந்தால் கன்னத்தில் ஒன்று வைத்திருப்பாள்.

திங்கட்கிழமை மூடுபனி இறங்கியிருந்தது. அறிவிப்பு அறையின் ஜன்னலில் கம்பங்கள்கூடத் தெரியவில்லை. மூன்று முறை தட்டினாள். சேணக்காரத் தெரு, காலஞ்சென்ற காஸிமின் மகன் எர்கின் என்று படித்தாள். குரல் ஏறவில்லை, இறங்கவில்லை. முடித்து சுவிட்சை அணைத்தாள். எங்கோ ஒரு வீட்டில் மாவு வறுபடும் வாசனை வந்தது. ஜன்னலைச் சாத்தினாள், அப்புறமும் வந்தது.

அந்த வாரம் முழுக்க அவள் தூங்கவில்லை. மகன் மாடிப்படி இறங்கினால் கூடவே இறங்குவாள். டீக்கடைக்குப் போகாதே என்றாள். அவன் சிரித்தான், ஆனால் போகவில்லை.

சொற்பொழிவு அன்று மண்டபம் நிரம்பிவிட்டது. நிலூஃபருக்கு ஒரே சந்தோஷம். ஊரே வந்திருந்தது. ஆண்கள் துவைத்த சட்டையும் குல்லாவுமாக வந்தார்கள். நாற்காலிகளை ஓரமாக ஒதுக்கிவிட்டு வரிசையாக நின்றார்கள். பெண்கள் தாங்களாகவே பின்னால் போய் ஒதுங்கினார்கள். யாரும் யாரையும் அப்படி நிற்கச் சொல்லவில்லை. செத்தவருக்காக வைக்கும் ஜனாஸாத் தொழுகைக்கு நிற்கும் பழக்கம் அது, கால்கள் தானாகப் போய் நின்றுவிட்டன. மேடையில் நீளமாக ஒரு மேஜை, மேலே பச்சைத் துணி. எங்கள் ஊரில் பிணத்தைச் சுமக்கும் சந்தூக்கின் மேல் போர்த்துவதும் பச்சைத் துணிதான். நிலூஃபர் அதை அலமாரியிலிருந்து அழகுக்காக எடுத்துப் போட்டிருந்தார். எர்கின் அதற்குப் பின்னால் உட்கார்ந்திருந்தான். முனீரே கடைசியில் சாப்ரியேயின் பக்கத்தில் நின்றாள்.

நிலூஃபர் சிரித்த முகத்தோடு மைக்கைப் பிடித்தார்.

"எர்கினைப் பத்தி நான் என்ன சொல்ல? இவர் உங்க கண்ணு முன்னாடி வளர்ந்தவர். நீங்களே சொல்லுங்க. இவரை எப்படி அறிஞ்சீங்க?"

இதே கேள்வியைத்தான் இமாம் சந்தூக்கின் பக்கத்தில் நின்று கேட்பார். பாவம், அது அந்தப் பேராசிரியைக்குத் தெரியாது. மண்டபம் ஒரே குரலில் பதில் சொன்னது:

"நல்லவரா அறிஞ்சோம்."

சொன்ன பிறகுதான் சொன்னவர்களுக்கே உறைத்தது. ஆனால் நிறுத்த முடியவில்லை. முன்வரிசையில் நின்ற இமாம் ஷாகிரின் உதடு ஆயுள் பழக்கத்தில் தானாகவே, செத்தவன் தீர்க்காத பாக்கியை எல்லாரும் மன்னித்து விடுகிறார்களா என்கிற அடுத்த கேள்வியையும் கேட்டுவிட்டது: "உங்க பாத்தியதை எல்லாத்தையும் பொருந்திக்கிட்டீங்களா?"

"பொருந்திக்கிட்டோம்."

எர்கினின் முகம் சுண்ணாம்பாக வெளுத்தது. எழுந்திருக்கப் பார்த்தான், முடியவில்லை. வாய் திறந்திருந்தது, சத்தம் வரவில்லை. அவன் கை பச்சைத் துணிமேல் விழுந்து அப்படியே கிடந்தது.

"பொருந்திக்கிட்டீங்களா?" இமாமின் கண்ணில் பயம் தெரிந்தது, வாய் மட்டும் கேட்டது.

"பொருந்திக்கிட்டோம்."

மூன்றாவது தடவையோடு முடியும். அதற்குப் பிறகு தோள் கொடுத்துத் தூக்குவார்கள். எல்லாருக்கும் தெரியும். முனீரேக்கு மற்ற எவரையும்விட நன்றாகத் தெரியும்.

பின்னாலிருந்து நகத்தால் தட்டும் சத்தம் கேட்டது. நாற்காலியின் தகரத்தில், மூன்று முறை.

"அன்பார்ந்த ஊர்மக்களே."

மண்டபம் முழுக்கத் திரும்பியது. மைக் இல்லை, ஆனாலும் அதே குரல்.

"சேணக்காரர் ரிஸாவின் மகள் முனீரே அறிவிக்கிறேன். காஸிமின் மகன் எர்கின் என்னிடம் குடித்த பாலை நான் பொருந்திக்கொள்ளவில்லை. அவன் என் பாக்கியைத் தீர்க்கவில்லை. தீர்க்காமல் அவன் எங்கும் போக முடியாது."

சாப்ரியே வாயைப் பொத்திக்கொண்டாள். பெற்றவள் பிள்ளைக்குச் சொல்லக்கூடிய சொல்லா அது? எங்கள் பக்கம் அதைவிடப் பெரிய சாபம் கிடையாது. வீட்டை விட்டு ஓடிய மகனுக்கும், தாயை அடித்த மகனுக்கும்தான் அதைச் சொல்வார்கள், சொன்ன பிறகு சொன்னவளே நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுவாள். முனீரே அழவில்லை. மகனையே பார்த்தபடி நின்றாள்.

இமாம் வாயை மூடிக்கொண்டார். மூன்றாவது தடவை கேட்க அவருக்கு வாய் வரவில்லை. தாய் பொருந்திக்கொள்ளாதவனை எப்படி அனுப்புவது? வரிசை கலைந்தது. ஒருவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார், அதைப் பார்த்து இன்னொருவர். மேடையில் எர்கின் நீரிலிருந்து தலையைத் தூக்கியவனைப் போல மூச்சை இழுத்தான். தண்ணீர் குடித்தான். பிறகு மூடுபனியைப் பற்றிப் பேசினான். என்ன பேசினான் என்று கேட்டால் எங்களில் ஒருவருக்கும் தெரியாது.

அதன் பிறகு முனீரே மைக்கைத் தொடவில்லை. அவள் இடத்துக்கு ஒரு பெண் வந்தாள், பாட்டுப் பாடுகிற மாதிரி படிப்பாள். நிகழ்ச்சிகளுக்குப் பெயர்கள் திரும்பி வந்தன. சாப்ரியே மறுபடியும் தன்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடச் சொன்னாள். எர்கின் மட்டும் வருடம் ஒரு தடவையாவது தாயிடம் கேட்பான்: "அம்மா, போதும்மா, பொருந்திக்கிட்டேன்னு சொல்லிடு." அவள் பேச்சை மாற்றிவிடுவாள்.

அக்ரூட் உலுக்கும் ஒரு பருவத்தில்தான் அவளும் படுத்தாள். பிழைக்க மாட்டாள் என்று தெரிந்ததும் இமாம் ஷாகிர் கோலை ஊன்றிக்கொண்டு வந்தார்.

"முனீரே, மனசார ஒரு வார்த்தை சொல்லிடும்மா. சொல்லாமப் போனா மறுமையில இவன் பதில் சொல்லணும்."

"அது அங்க" என்றாள். "நான் பாத்துக்கிட்டு இருக்கிறது இங்க."

எர்கின் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். "அம்மா, இப்பவாவது."

அவள் அந்தப் பெரிய கையால் அவன் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தாள். குரலில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை.

"பாக்கி இருக்கட்டும்டா. பாக்கி இருக்கிற வரைக்கும் உன்னை யாரும் கூப்பிட மாட்டாங்க."

கடைசிவரை அவள் அந்த வார்த்தையைச் சொல்லவேயில்லை. எர்கின் இன்னும் புகையிலைக் கிடங்கில் வருடாவருடம் மூடுபனியைப் பற்றிப் பேசுகிறான். இப்போது அவனுக்குத் தலை முழுக்க நரைத்துவிட்டது.