பத்தரை மணிக்கு வந்த ஐந்து அழைப்புகள்

குடிநீர் அலுவலகத்தின் புகார்ப் பிரிவில் அவளுக்குப் பதினாறு வருடம் ஓடிவிட்டது. யார் எவ்வளவு கத்தினாலும், "பதிவு பண்ணிட்டேங்க, நம்பர் குறிச்சுக்கோங்க" என்று குரல் உயராமல் சொல்லுவாள். பொறுமைசாலி என்று அங்கே பெயர் எடுத்தவள்.

அந்தப் பொறுமையைத் தினமும் பத்தரை மணிக்குச் சோதித்தவர் ஒரு பெரியவர். கோர்ட்டில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். "மேற்படி குழாயில் மேற்படி தண்ணீர் மேற்படி நேரத்தில் வரவில்லை" என்று தீர்ப்பு வாசிப்பதுபோல் நிறுத்தி நிறுத்திப் பேசுவார். புகார் மன்னர் என்று பிரிவில் அவருக்குப் பட்டம். "உன் ஆளு லைன்ல இருக்காரு" என்று பக்கத்து இருக்கைக்காரி கண்ணடிப்பாள். அவர் பேசும் விதம் அவளுக்கும் உள்ளூரப் பிடிக்கும்.

ஒரு செவ்வாய்க்கிழமை அவர் வழக்கம்போல் அழைத்தார். "அம்மா, செருப்பு வரல. மூணு நாளா செருப்பு வரல. நாற்காலி... நாற்காலி ஒழுகுது" என்றார்.

அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. ஸ்பீக்கரைப் போட்டாள். பிரிவே காதைத் தீட்டிக்கொண்டு சுற்றி நின்றது.

"சார், செருப்பு வரலேன்னா செருப்புக் கடைக்குப் போன் போடுங்க" என்றாள். எல்லோரும் வெடித்துச் சிரித்தார்கள். அந்தப் பக்கத்தில் ஏதோ தட்டுத் தடுமாறிக் கேட்டது. அவள் இணைப்பைத் துண்டித்தாள். அவர் மறுபடி நான்கு முறை அழைத்தார். எண்ணைப் பார்த்தே அவள் எடுக்கவில்லை.

அதன் பிறகு பத்தரை மணிக்குத் தொலைபேசி அடிக்கவேயில்லை. பதினோராம் நாள் ஒரு பெண் கூப்பிட்டாள்.

"அப்பா பேர்ல இருக்கிற புகாரையெல்லாம் ரத்து பண்ணிடுங்க. அவரால இனிமே பேச முடியாது. ஸ்ட்ரோக். மூளைல பேச்சைக் கவனிக்கிற இடம் அடிபட்டுடுச்சு. நினைக்கிறது ஒண்ணு, வாயில வர்றது ஒண்ணு."

"எப்பங்க?"

"போன வாரம் செவ்வாய்க்கிழமை. நான் வேலை முடிஞ்சு வர்றப்ப சாயங்காலம் ஆயிடுச்சு. நாலரை மணி நேரத்துக்குள்ள கொண்டு வந்திருந்தா ஊசி போட்டிருக்கலாம்னு டாக்டர் சொல்றார். அப்பா போனைப் பார்த்தேன். அன்னிக்கு உங்க ஆபீசுக்கு மட்டும் அஞ்சு தடவை போட்டிருக்கார். யார் எடுத்தாங்கன்னு தெரியுமா?"

"தெரியலங்க" என்று அவள் சொல்லிவிட்டாள்.

வாய் தானாகச் சொன்ன பொய். மதியம் சாப்பிடும்போது நடந்ததைச் சொன்னாள். "நாம என்ன டாக்டரா? நமக்கு எப்படித் தெரியும்?" என்றாள் பக்கத்து இருக்கைக்காரி. சரியான பேச்சுதான். ஆனால் இத்தனை வருடத்தில் ஒரு நாளும் உளறாத மனிதர் அவர். அவர் குரலை அவளைவிட அதிகம் கேட்டவர்கள் யார்? "என்ன சார் ஆச்சு?" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். அதற்குப் பதில் ஸ்பீக்கரைப் போட்டாள். அந்தப் பொத்தானை அழுத்திய விரலைப் பார்க்கவே அவளுக்குக் கூசியது.

புகார்ப் பதிவேட்டில் விலாசம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை போனாள். மகள் கதவைத் திறந்தாள். உள்ளே ஜன்னலோரம் பெரியவர் உட்கார்ந்திருந்தார். இவள் "வணக்கம் சார்" என்றதும் சட்டென்று நிமிர்ந்தார். முகத்தை அதுவரை பார்த்ததில்லை. குரலை வைத்தே கண்டுகொண்டார். "அம்மா... அம்மா..." என்று கையை ஆட்டினார். அந்தச் சந்தோஷத்தைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். சிரித்ததையும் விடவில்லை.

மகள் கத்தவில்லை. "அன்னிக்குக் கேட்டப்ப தெரியலன்னு சொன்னீங்களே" என்றாள்.

பெரியவர் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

அடுத்த ஞாயிறும் போனாள். மகள் வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. மூன்றாவது ஞாயிறு மகளே ஒரு கட்டுப் பட அட்டைகளை நீட்டினாள். பேச்சுப் பயிற்சி தருபவர் கொடுத்தவை. "படத்தைக் காட்டுங்க. பேரை நீங்க எடுத்துக் கொடுக்காதீங்க. அவரே தேடட்டும்" என்றாள். மற்றவர் வாக்கியத்தைப் பாதியில் வெட்டி 'எந்தத் தெரு?' என்று கேட்டே பழகியவளுக்கு அதைவிடக் கடினமான வேலை இல்லை. இரண்டு முறை வாய் தவறி எடுத்துக் கொடுத்தாள். அவர் மேஜையைத் தட்டி முறைத்தார்.

ஆறு மாதத்தில் நாற்பது சொற்கள்போலத் திரும்பின. 'மேற்படி' இன்னும் வரவில்லை.

ஒருநாள் அவள் கேட்டே விட்டாள். "என்மேல கோபம் இருக்கா சார்?"

"ஆமா" என்றார் தெளிவாக. உடனே இல்லை என்று தலையை ஆட்டினார். மறுபடி "ஆமா" என்றார். தன்மேலேயே எரிச்சல் வந்து தொடையில் அடித்துக்கொண்டார்.

சமையலறையிலிருந்து மகள் குரல் கொடுத்தாள். "ஆமாவும் இல்லையும் அவருக்கு இன்னும் மாறி மாறித்தான் வருது. அதை வச்சு எதையும் முடிவு பண்ணிடாதீங்க."

அவள் திரும்பக் கேட்கவில்லை. தன் மனம் ஆறுவதற்காக அவரைச் சொல் தேட வைப்பது இன்னொரு தப்பு என்று தோன்றியது. அடுத்த அட்டையை எடுத்தாள். குடை. அவர் உதடு குவிந்து, விரிந்து, மீண்டும் குவிந்தது. அவள் பேசாமல் உட்கார்ந்திருந்தாள்.