பலகைக்குப் பிறகு வந்த பாதை

எங்கள் ஒழுங்கைக்கு முதலில் வந்தது பலகை. பாதை வரவில்லை.

கட்டுகஸ்தோட்டைப் பாலத்தைத் தாண்டி, பஸ் ஓடும் வீதியிலிருந்து மேலே ஏறுகிற செங்குத்தான மண் ஒழுங்கை அது. மழை பெய்தால் வாய்க்கால், வெயில் எறித்தால் பள்ளம். ஒருநாள் காலையில் சிலர் வந்து அடியில் இரண்டு கம்பம் நட்டு, மூன்று மொழியிலும் எழுதிய பலகையொன்றை மாட்டிவிட்டுப் போனார்கள். இந்தப் பாதை கொங்கிறீட் இட்டுப் புனரமைக்கப்பட்டது என்று அதில் இருந்தது. பக்கத்தில் ஒரு பெரிய மனிதரின் சிரித்த முகம். பலகை வந்தால் சீமெந்தும் வரும் என்று நாங்கள் காத்திருந்தோம். சிரித்த முகம் வெயிலில் வெளிறத் தொடங்கிய பிறகுதான், வரவேண்டியதெல்லாம் வந்துவிட்டது என்று எங்களுக்கு உறைத்தது.

நான் யாழ்ப்பாணத்தில் பிறந்தவன். உத்தியோக காலம் முழுக்க அரசாங்கக் கணக்காய்வில் இருந்தேன். மாற்றலாகிக் கண்டிக்கு வந்து, இந்தக் குளிரும் இந்தச் சனமும் பிடித்துப்போய், ஓய்வு பெற்றபின் இங்கேயே தங்கிவிட்டேன். போடாத பாதைக்குப் பணம் எடுத்த கதை எனக்குப் புதிதில்லை. ஆனால் அதையெல்லாம் நான் கோப்பில்தான் பார்த்திருக்கிறேன். இது என் வீட்டுப் படலை வாசலில் தொடங்குகிறது. எரிச்சல் வராதா?

அந்த மழைக்காலத்தில் என் மனைவி முற்றத்தில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டாள். சத்திரசிகிச்சை நன்றாகவே முடிந்தது. கிழமைக்கொருமுறை கிளினிக்குக்கு வந்து பயிற்சி செய்யவேண்டும், விட்டால் கால் இறுகிவிடும், பிறகு நடக்கவே முடியாது என்று வைத்தியர் சொல்லிவிட்டார். எங்கள் ஒழுங்கையிலோ ஓட்டோகூட ஏறாது. அதனால் கிளினிக் நாளில் அவளைப் பிளாஸ்டிக் கதிரையில் உட்காரவைத்து, அயலவர்கள் நாலு பேர் கதிரையின் நாலு காலையும் பிடித்துத் தூக்கிக்கொண்டு இறங்குவார்கள். முன்னால் பிடிக்கிறவர் எப்போதும் கீழ்வீட்டு நானா. மேசன் வேலை செய்கிற முஸ்லிம் மனிதர், கை பிசகவே பிசகாது. என்றாலும் அவள் சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டுதான் போவாள்.

சில கிழமை அப்படிப் போய்வந்தபின் ஒருநாள் வெளிக்கிட மாட்டேன் என்று கட்டிலில் இருந்துவிட்டாள். நான் கெஞ்சினேன், அதட்டினேன்.

"உயிரோடை இருக்கேக்கை நாலு பேர் தூக்க நான் போகமாட்டன்" என்றாள்.

அன்றோடு கிளினிக் நின்றது. வோக்கரைப் பிடித்துக்கொண்டு விறாந்தையில் அங்குமிங்கும் நடப்பாள். நான் சந்தையில் வாங்கிவருகிற போஞ்சிக்காயை எடுத்து ஒவ்வொன்றாக வளைத்துப் பார்ப்பாள். பிஞ்சுப் போஞ்சி டக்கென்று முறியவேண்டும். நான் வாங்கியது வளைந்துகொடுக்கும். அவள் ஒன்றும் சொல்லமாட்டாள். சொன்னாலாவது திருப்பிச் சண்டை போடலாம்.

பாதைக்குப் பொறுப்பான அலுவலகத்துக்குப் போனேன். எந்த அலுவலகம் என்று எழுதப்போவதில்லை. எழுதினால் மற்றவையெல்லாம் யோக்கியம் என்று நீங்கள் நினைத்துவிடுவீர்கள். அந்த அதிகாரி நல்ல மரியாதைக்காரர். கதிரை போட்டார், தேநீர் வரவழைத்தார். கோப்பைப் புரட்டிவிட்டு, உங்கள் பாதை முடிந்துவிட்டதே சேர் என்றார். முடிந்த பாதையைத் திரும்பப் போட வழியில்லையாம். வேண்டுமானால் அது உடைந்துபோனதென்று ஒரு முறைப்பாடு கொடுங்கள், திருத்த வேலை என்று எடுக்கலாம், மேலே இருக்கிறவர்களையும் கொஞ்சம் கவனிக்கவேண்டிவரும் என்றார். இல்லாத பாதை எப்படி ஐயா உடையும் என்று கேட்டேன். அவர் சிரித்தார். பலகையில் பார்த்த அதே சிரிப்பு. தேநீரைக் குடிக்காமலே எழுந்து வந்தேன். நல்ல தேநீர், அது வேறு கவலை.

அடுத்த நாள் நானா வந்தார். பௌர்ணமிப் போயா விடுமுறையன்று எல்லோரும் கூடிச் சிரமதானமாக நாங்களே பாதையைப் போட்டுவிடுவோம் என்றார். வேலைத்தளங்களில் மிஞ்சிய சீமெந்து அவரிடம் இருந்தது. மேல்வீட்டு ரீச்சர், ஓய்வுபெற்ற சிங்கள ஆசிரியை, மணலுக்கும் சல்லிக்கல்லுக்கும் ஏற்கெனவே சொல்லிவிட்டாராம். எனக்கு வந்ததே கோபம். நாங்கள் போட்டுக்கொடுத்தால் கள்ளர்களுக்கு நல்லதாகப் போய்விடாதா? பாதை இல்லை என்பதுதானே ஒரே சாட்சி? கொள்ளையடித்தவனுக்கு நாங்களே கூலியில்லாமல் வேலை செய்வதா? நானா பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"அவங்க எடுத்ததுக்கு அவங்க அல்லாஹ்ட்ட பதில் சொல்லட்டும் சேர். அதுவரைக்கும் அக்காட கால் பொறுக்குமா?"

உள்ளேயிருந்து மனைவியின் குரல் வந்தது. "கள்ளரைப் பிடிக்கிறதை நீங்கள் பாருங்கோ. எனக்குச் சந்தைக்குப் போகவேணும்."

சரியென்றேன். ஆனால் கணக்காய்வாளன் சும்மா சரியென்று சொல்வானா? ஒரு நிபந்தனை போட்டேன். ஒழுங்கையின் அடியில், சீமெந்து ஈரமாக இருக்கும்போதே, இது இந்த ஒழுங்கைச் சனம் சேர்ந்து போட்ட பாதை என்று பொறித்துவிடவேண்டும். நாளைக்கு எவனும் உரிமை கொண்டாடக் கூடாது. எல்லோருக்கும் அது பிடித்துப்போயிற்று.

போயாவன்று விடியவே தொடங்கிவிட்டோம். நானா கலவை போட்டார். கலவைத் தாச்சிகள் கைமாறிக் கைமாறி மேலே ஏறின. ரீச்சர் பாற்சோறு கொண்டுவந்தார். நானா வீட்டிலிருந்து இஞ்சித் தேநீர் வந்துகொண்டேயிருந்தது. என் மனைவி விறாந்தையில் இருந்தபடியே வடைக்குத் தட்டிக்கொடுக்க, அடுத்த வீட்டுப் பெண்கள் பொரித்தார்கள். மேலிருந்து கீழே இறங்கி வந்தது பாதை. டயர் வழுக்காமலிருக்க நானா விளக்குமாற்றால் குறுக்கே கோடு கோடாக இழுத்துக்கொண்டு வந்தார். பின்னேரம் அடிக்கு வந்துசேர்ந்தோம். கையில் ஓர் ஆணியோடு நான் குந்தினேன்.

எந்த மொழியை மேலே எழுதுவது? சிங்களத்தை எழுதுவோம், மணல் தந்தது ரீச்சர் என்றேன். இல்லையில்லை, நோயாளி இருப்பது தமிழ் வீட்டில், தமிழ்தான் மேலே வரவேண்டும் என்றார் ரீச்சர். நானா இரண்டு பக்கத்துக்கும் தலையாட்டிவிட்டு, வம்பில்லாமல் இங்கிலீசில் போடுவோம் என்றார். அது எங்கள் இருவருக்குமே பிடிக்கவில்லை. நீங்கள் முதலில், இல்லை நீங்கள் முதலில் என்று விட்டுக்கொடுத்துக்கொண்டே நின்றோம். எந்த மொழி மேலே என்று அடிபட்ட நாடு இது. அந்த வருஷங்களை நாங்கள் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அந்தப் பயத்தில், எங்கள் மொழியைக் கீழே போடுங்கள் என்று ஆளுக்காள் அடிபட்டோம். நடுவில் தேநீர் வேறு வந்தது. ஒருவழியாகத் தமிழ் முதலில் என்று முடிவாகி நான் ஆணியை வைத்தால், அது இறங்கவில்லை. சீமெந்து இறுகிவிட்டது. யாரையும் கேட்காமல் ரீச்சரின் நாய் மட்டும் குறுக்கே ஓடித் தன் காலடியை நன்றாகப் பதித்துவிட்டிருந்தது. நானா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

அந்தக் கிழமை முழுக்கச் சாக்கு விரித்துத் தண்ணீர் ஊற்றினோம். தன் வீட்டு முன்பக்கம் காய்ந்துவிடக் கூடாதென்று ஒவ்வொருவரும் போட்டி. கனடாவிலிருக்கும் என் தம்பி தொலைபேசியில் வந்து, அந்தக் கள்ளர் நாட்டில் எப்படித்தான் இருக்கிறாயோ என்று வழக்கம்போலக் கேட்டான். வழக்கமாக நானும் சேர்ந்து திட்டுவேன். அன்று வாளியோடு நின்றதால் அவசரமாக வைத்துவிட்டேன். பிறகு யோசித்தபோது, எனக்கு இங்கே சந்தோசமாகத்தான் இருக்கிறது என்பது தெரிந்தது. அதை அவனுக்குச் சொல்லக் கூச்சமாக இருந்தது.

முதல் ஓட்டோ வந்த நாள். மடுல்கெல்லப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துப் பையன் ஒருவன், கல்யாணமாகிக் கீழே குடியிருக்கிறவன், படலைவரைக்கும் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தி, "வாங்கம்மா, போவோம்" என்றான். மனைவி நல்ல சேலை உடுத்து, கூடையையும் வோக்கரையும் எடுத்துக்கொண்டு, யாரும் பிடிக்காமல் தானே ஏறினாள். முகத்தை மூடவில்லை. முதலில் சந்தை, கிளினிக் நாளைக்கு என்பது அவளுடைய திட்டம். நானும் பக்கத்தில் ஏறிக்கொண்டேன்.

ஒழுங்கையின் அடியில் ஒரு ஜீப் நின்றது. பலகையைத் துடைத்துவிட்டு, அதுவும் பாதையும் ஒன்றாக விழும்படி ஒருவர் படம் எடுத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் அந்த மரியாதைக்கார அதிகாரி. என்னைக் கண்டதும் முகம் மலர்ந்து, இப்போது எல்லாம் சரிதானே சேர் என்றார். சரிதான். கணக்காய்வாளனாகச் சொல்கிறேன், அன்றுதான் அந்தக் கோப்பு உண்மையிலேயே சரியாகியது. எங்கள் வியர்வையைக் கொண்டு அவர்களுடைய பொய்யைப் பூசி முடித்துவிட்டார்கள். ஒரு வரி எழுதியிருந்தால் போதும், எழுதவில்லையே. பாய்ந்து இறங்கினேன். படத்துக்கு மறைக்கிறது, ஓட்டோவைக் கொஞ்சம் பின்னால் எடுங்கள் என்று அதிகாரி கையைக் காட்டினார். என் வாயில் வந்ததை இங்கே எழுதமுடியாது.

மனைவி தலையை வெளியே நீட்டினாள்.

"தம்பி, பின்னுக்கு வேண்டாம், முன்னுக்கு எடும்." பிறகு என்னைப் பார்த்தாள். "நீங்கள் நிண்டு சண்டை பிடியுங்கோ. நான் சந்தைக்குப் போட்டு வாறன்."

ஓட்டோ படமெடுப்பவரை விலக்கிக்கொண்டு வீதியில் ஏறிப் பாலத்துப் பக்கம் திரும்பியது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. விழுந்த நாளுக்குப் பிறகு நான் இல்லாமல் அவள் போன முதல் பயணம்.

நான் நின்று சண்டை பிடித்தேன். சத்தம் கேட்டு ரீச்சர் குடையோடு வந்தார், நானா வந்தார், ஒவ்வொரு வீடாக வந்தது. போட்டவர்கள் இல்லாமல் படம் எதற்கு என்று ரீச்சர் வகுப்பறைக் குரலில் சிங்களத்தில் கேட்டு, பலகையை மறைத்துக்கொண்டு நின்றார். எல்லோரும் அவரோடு நின்றோம். ஜீப் போய்விட்டது. முதலே இரண்டொரு படம் எடுத்திருப்பார்கள், அது எனக்குத் தெரியும். நானும் விடப்போவதில்லை.

அவள் வந்தபோது அடியிலேயே இறங்கிக்கொண்டாள். ஏறிப் பார்க்கவேண்டுமாம். கூடையை நான் வாங்கிக்கொண்டேன். கோடு போட்ட சீமெந்தில் வோக்கரை ஊன்றி ஊன்றி ஏறத் தொடங்கினாள். நாயின் காலடி பதிந்த இடத்தில் நின்று மூச்சு வாங்கினாள். பிறகு மிச்சத்தையும் ஏறினாள்.

மத்தியானம் சாப்பாட்டு மேசையின் ஒரு பக்கத்தில் இருந்து நான் மேலிடத்துக்கு முறைப்பாடு எழுதத் தொடங்கினேன். மற்றப் பக்கத்தில் அவள் தான் பார்த்து வாங்கிய போஞ்சியை முறித்துக்கொண்டிருந்தாள். டக், டக்கென்று கேட்டுக்கொண்டேயிருந்தது.