எதிர்க்கரை ஆள்

பொடிசுக்கு நாற்பத்தொரு வயது. பெயரைக் கேட்டு ஏமாற வேண்டாம்; வாசலில் குனிந்து நுழைகிற உயரம். தொட்டிலில் கிடந்தபோது அண்ணன் வைத்த பெயர் அது. ஆள் வளர்ந்தாள், பெயர் வளரவில்லை.

செயற்கைப் பல் செய்வது அவள் வேலை. வீட்டிலிருந்து மூன்று தெரு தள்ளி ஒரு மாடிக் கூடம். அதில் ஆறு மேசைகள். ஜன்னலோர மேசை அவளுடையது. டாக்டர்கள் அனுப்பும் வாய் அச்சுகளில் பிளாஸ்டர் மாவு கரைத்து ஊற்றி, மெழுகில் ஈறு கட்டி, ஒவ்வொரு பல்லாக உட்கார வைப்பாள். வெள்ளையில் பதினாறு வெள்ளை உண்டு என்பாள். பஸ்ஸில் எதிர் சீட்டுக்காரர் சிரித்தால் போதும், மேல் வரிசையில் எந்த இரண்டு அவருடையவை அல்ல என்று சொல்லிவிடுவாள், மனதுக்குள்.

அப்படிப்பட்ட கண்ணுக்குக் கடந்த ஒரு வருஷமாக ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரே வேலைதான். அண்ணியின் நீர்மூழ்கியைப் பார்ப்பது.

கதையை முதலிலிருந்து சொன்னால்தான் அவள் வயிறு ஏன் எரிகிறது என்பது புரியும். சின்ன வயதில் அம்மாவும் அப்பாவும் மாறி மாறி ஷிஃப்ட். வீட்டில் பெரியவர்கள் இல்லாத நேரமெல்லாம் அண்ணனும் தங்கையும் துணி ஊற வைக்கும் தொட்டியில் சோப்பு டப்பாவைக் கப்பலாக விட்டார்கள். அப்புறம் மோட்டார் வைத்த படகு. அப்புறம் ரிமோட்டில் ஓடும் படகு; அதற்காக ஞாயிறுதோறும் மாடல் படகுச் சங்கத்தின் குளம். அண்ணன் செய்வான், அவள் ஓட்டுவாள். "கேப்டன், கரை வருது, திருப்பு!" என்று அவன் கத்துவான். முப்பது வருஷமாக அந்தக் குளக்கரையில் கேப்டன் என்றால் அவள்தான். நடுவில் அவளுக்கு ஒரு கல்யாணம் வந்தது. மூன்று வருஷம் இருந்துவிட்டுப் போனது. அது போனபோதுகூட ஞாயிற்றுக்கிழமை போகவில்லை.

லிஃப்ட் மெக்கானிக்கான அண்ணன் கட்டைப் பிரம்மச்சாரி என்றுதான் எல்லாரும் முடிவு கட்டியிருந்தார்கள். நாற்பத்தைந்து வயதில், லிஃப்டில் நாற்பது நிமிஷம் மாட்டிக்கொண்ட ஒரு நீச்சல் டீச்சரை வெளியே எடுத்துவிட்டான். வெளியே வந்தவளை அப்புறம் விடவில்லை. புது அண்ணி பொடிசைவிட மூன்று வயது இளையவள். மூன்று வயது சின்னவளை 'அண்ணி, வாங்க' என்று கூப்பிடுவதில் ஒன்றும் குறைச்சல் இல்லை என்று பொடிசு எல்லாரிடமும் சொன்னாள். கேட்காதவர்களிடமும் சொன்னாள்.

அண்ணி முதல் ஞாயிறு வேடிக்கை பார்த்தாள். இரண்டாவது ஞாயிறு, "மேலயே ஓடுதே, இது அடியில போகாதா?" என்று கேட்டாள். மூன்றே மாதத்தில் ஒரு நீர்மூழ்கி கட்டிக்கொண்டு வந்து நின்றாள். கறுப்பு நிறம், ஒரு மீட்டர் நீளம். வயிற்றுக்குள் ஒரு தொட்டி. அதில் தண்ணீர் ஏறினால் கல் மாதிரி நின்ற இடத்திலேயே இறங்கும், தண்ணீரை வெளியே தள்ளினால் பந்து மாதிரி மேலே வரும். கரையே கைதட்டியது. கையில் இருந்த ரிமோட், நீட்டு ஆன்டெனா வைத்த பழைய பெட்டி. அண்ணனும் பொடிசும் பள்ளிக்கூட நாளில் சேர்ந்து வாங்கியது. தூசி படிந்து கிடந்ததை அவனே தேடி எடுத்துக் கொடுத்திருக்கிறான்.

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பாள். பொறுக்க முடியாதது வேறு. சங்கத்தில் ஒரு விதி: எதிர்க்கரையில் ஒரு ஆள் நிற்காமல் நீர்மூழ்கி இறங்கக் கூடாது. குளத்துத் தண்ணீர் ஆறிப்போன டீ நிறம். ஒன்றரை அடிக்குக் கீழே போனால் ஓட்டுகிறவருக்கு ஒன்றும் தெரியாது. எதிர்க்கரை ஆள் தண்ணீரை விட்டுக் கண்ணை எடுக்காமல், நிழலைப் பார்த்து, குமிழியைப் பார்த்து, இடது வலது சொல்ல வேண்டும். அவரிடம் யாரும் பேச்சுக் கொடுக்கக் கூடாது என்று பலகையே எழுதி மாட்டியிருந்தார்கள். படகுக்கு இந்த வம்பெல்லாம் கிடையாது. படகு ஓட்டுகிறவளுக்கு எதிர்க்கரையும் வேண்டாம், ஆளும் வேண்டாம்.

அண்ணிக்கு எதிர்க்கரை ஆள் அண்ணன். முதல் நாளே அங்கிருந்து, "கேப்டன்! இடது!" என்று கத்தினான். பொடிசு தன் படகை இடது பக்கம் திருப்பிக் கல்லில் மோதினாள்.

"உன்னை இல்ல பொடிசு, அவளை!" என்றான் அண்ணன், சிரித்துக்கொண்டே.

இப்படியே ஒரு வருஷம் வெந்தாள். பிறகு ஒரு சனிக்கிழமை மாலை மாடல் படகுக் கடைக்குப் போனாள். தனக்கும் ஒரு நீர்மூழ்கி வேண்டும்; அண்ணன் தனக்கு எதிர்க்கரையில் நிற்க வேண்டும். அவ்வளவுதான் கணக்கு.

கடைக்காரர் இரண்டு பெட்டிகளை எடுத்து வைத்தார்.

"இது சின்னது. அறுபது சென்டிமீட்டர். உள்ள தொட்டி கிட்டி எதுவும் இல்ல. ஓடுற வேகத்துல, பக்கத்துல இருக்கிற சின்னச் சின்ன இறக்கைய சாய்ச்சா மூழ்கும். மோட்டார் நின்னா தானா மேல வந்துடும். முதல் தடவை கட்டறவங்களுக்கு இதத்தான் குடுப்பேன்."

"எங்க அண்ணி வாங்கினது எது?"

"அது தொட்டி வச்சது, ஒரு மீட்டர்."

"அதவிடப் பெருசு இருக்கா?"

கடைக்காரர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இருக்கு. ஒண்ணே முக்கால் மீட்டர். கட்டறதுக்கு ஒரு வருஷம் ஆகும். முன்னால எடை எவ்வளவு, பின்னால எவ்வளவுன்னு தண்ணில போட்டுப் பாத்துப் பாத்து சரி பண்ணணும். உங்க வீட்டு பாத்ரூம்ல என்ன இருக்கு?"

"வாளி."

"அப்ப இத எங்க மிதக்க விடுவீங்க?"

"அது என் கவலை."

"ஆழம் தெரியாம கால விடாதீங்கம்மா."

"ஆழத்துல விடறதுக்குத்தானே வாங்கறேன்? அண்ணி வீட்டுக் குளியல் தொட்டி எவ்வளவு நீளம்னு தெரியுமா உங்களுக்கு?"

"எனக்கு எப்படிம்மா தெரியும்?"

"ஒண்ணே கால். நான் அளந்துட்டேன்."

பெரிய பெட்டியைத் திங்கட்கிழமை வரை எடுத்து வைக்கச் சொல்லிவிட்டு, அதன் படம் போட்ட தாளை மட்டும் வாங்கிக்கொண்டு வந்தாள்.

மறுநாள் காலை குளத்தில் அண்ணியின் நீர்மூழ்கி இறங்கியிருந்தது. அண்ணன் எதிர்க்கரையில் இடுப்பில் கை வைத்து நின்றான். பொடிசு குளத்தைச் சுற்றி நடந்து, பலகையைத் தாண்டி, அவனிடம் போய் நின்றாள்.

"அண்ணா, இதப் பாரு."

"அப்புறம் பொடிசு. இப்ப பேசக் கூடாது."

"பேச வேண்டாம், பாரு. ஒண்ணே முக்கால் மீட்டர்." தாளை அவன் முகத்துக்கு நேரே பிடித்தாள். "நீதான் எனக்கு எதிர்க்கரை. சரின்னு சொல்லு, போயிடறேன்."

அண்ணன் தாளைப் பார்த்தான். என்ன இருந்தாலும் படகு செய்து பழகியவன்தானே. மோட்டார் எத்தனை, தொட்டி எத்தனை என்று படிக்க ஆரம்பித்துவிட்டான். பொடிசு படிக்கவில்லை. அவள் கண் தாளுக்கு மேலாகத் தண்ணீரில் இருந்தது, பழக்கதோஷம். குளத்தில் நட்டிருந்த மூன்றாவது கம்பத்தைத் தாண்டி அந்தக் கறுப்பு நிழல் திரும்புவதைப் பார்த்தாள். பாசிப் படலத்தின் ஓரத்தில் நாலு குமிழி வந்தது. அப்புறம் வரவில்லை.

"என்னங்க, எங்க இருக்கு?" என்று ரிமோட்டோடு நின்ற கரையிலிருந்து அண்ணி கத்தினாள்.

அண்ணன் திரும்பினான். தண்ணீர் மூடிய கதவு மாதிரி கிடந்தது.

அண்ணி தொட்டித் தண்ணீரைத் தள்ளும் பொத்தானை அழுத்தினாள். மறுபடி அழுத்தினாள். எதுவும் மேலே வரவில்லை. சங்கச் செயலாளர் துடுப்புப் படகை எடுத்துக்கொண்டு, நீளக் கொக்கியோடு குளத்தின் நட்டநடுவில் துழாவினார். நடுவில் இல்லை என்பது பொடிசுக்குத் தெரியும். வாயைத் திறக்கவில்லை. உள்ளே ஏதோ ஒன்று குளிர்ந்தது, அதை மறுப்பதற்கில்லை. ஒரு வருஷத்தில் முதல் தடவையாக அந்தக் கரையில் யாரும் அண்ணிக்குக் கைதட்டவில்லை.

அண்ணி கணவனைத் திட்டப் போகிறாள் என்று பொடிசு காத்திருந்தாள். அண்ணி குளத்தைச் சுற்றிக்கொண்டு வந்தாள். "போகட்டும் விடுங்க, பிளாஸ்டிக்தானே" என்றாள். சொல்லிக்கொண்டே பொத்தானை இன்னொரு தடவை அழுத்தினாள். திட்டியது செயலாளர்தான், படகில் நின்றபடியே.

"எதிர்க்கரையில நிக்கிற ஆளு கண்ண எடுக்கலாமாய்யா? என்ன பாத்துக்கிட்டு இருந்தீங்க?"

"தப்புதான் சார். கவனம் சிதறிடுச்சு" என்றான் அண்ணன். தங்கை பக்கம் திரும்பவே இல்லை. அவள் கொடுத்த தாளை நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டான்.

"அப்படின்னா இனிமே நீங்க யாருக்கும் எதிர்க்கரை நிக்க வேண்டாம். வேற ஆளப் போட்டுக்கறோம்."

பொடிசுக்குப் பகீரென்றது. யாருக்கும் என்றால் அவளுக்கும் இல்லை. கிள்ளிவிட்டவள் அவள்; அவளைக் காட்டிக்கொடுக்காமல் திட்டு வாங்கிக்கொண்டு நிற்கிறவன் அண்ணன்.

"அவர் தப்பு இல்ல. நான்தான் பேசினேன். தாளத் தூக்கி மூஞ்சில பிடிச்சேன்." கையை நீட்டினாள். "நடுவுல தேடாதீங்க. மூணாவது கம்பத்துல இருந்து ரெண்டு ஆள் தூரம். பாசி ஆரம்பிக்கிற மூலை. மூக்கு இந்தப் பக்கம் பாத்து இருக்கும்."

அண்ணி ஒரு வார்த்தை கேட்கவில்லை. செருப்பைக் கழற்றினாள், இறங்கினாள், மூன்றே வீச்சில் போய் முங்கினாள். எழுந்தபோது கையில் நீர்மூழ்கி இருந்தது. பின்பக்க விசிறி முழுக்கப் பாசி சுற்றிக் கட்டிப்போட்ட மாதிரி இருந்தது. மூக்கு இந்தப் பக்கம் பார்த்துத்தான் கிடந்ததாம்.

தலையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட வந்து நின்றாள்.

"நாத்தனாரே, எனக்கே தெரியல. உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"வாராவாரம் அதத்தானே பாக்கறேன்."

"வேற படகே இல்லையா இந்தக் குளத்துல?"

"இருக்கு. அதெல்லாம் பாத்தா எனக்கு வயிறு எரியாது."

அண்ணி முதலில் விழித்தாள். பிறகு கரையிலேயே உட்கார்ந்து சிரித்தாள். சிரித்து முடித்து, "கத்த வேண்டியதுதானே அப்பவே? பத்து நிமிஷம் என் உயிர் போச்சு" என்றாள்.

"உயிர் போறதப் பாக்கணும்னு இருந்துச்சு."

"இன்னும் இருக்கா?"

"கொஞ்சம்."

"சரி. அடுத்த வாரத்துல இருந்து நீங்கதான் எனக்கு எதிர்க்கரை. இவர் வேண்டாம். இவர் தாள் படிப்பார்."

"அப்ப நான்?" என்றான் அண்ணன்.

"நீ எனக்கு" என்றாள் பொடிசு.

"உன்கிட்டதான் மூழ்கறதுக்கு ஒண்ணும் இல்லையே."

செயலாளர் படகைக் கரையில் கட்டிக்கொண்டே, அண்ணன் மேல் போட்ட தடையை எடுத்துவிட்டு, பலகையைத் தாண்டிப் போனதற்குப் பொடிசு நாலு வாரம் குளத்தில் பாசி வார வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னார்.

திங்கட்கிழமை வேலை முடிந்து கடைக்குப் போனபோது, கடைக்காரர் பெரிய பெட்டியை மூச்சு வாங்க மேசைமேல் ஏற்றி வைத்திருந்தார்.

"இது ஒரு வருஷம்னு சொன்னீங்க இல்ல?"

"ஒரு வருஷம். கை பழகினவங்களுக்கு."

ஒரு வருஷம் எதிர்க்கரையில் வேலை இல்லாமல் அண்ணன் சும்மா நிற்பானா? நிற்க மாட்டான். அண்ணியிடமே போய் ஒட்டிக்கொள்வான், திருத்துவான், மெருகு போடுவான். அதை நினைத்ததுமே அவளுக்கு மூக்கு வியர்த்தது.

"சின்னது?"

"சாயங்காலம் சாயங்காலம் உக்காந்தா ரெண்டு மாசம்."

"நாள் முழுக்கப் பல்லு தேய்க்கிற கை இது. ஆறு வாரம். அதயே குடுங்க."

கடைக்காரர் பெரிய பெட்டியை மறுபடி மூச்சு வாங்க மேசையிலிருந்து இறக்கினார். "ரிமோட்?" என்று கேட்டார். "இப்ப படகுக்கு வச்சிருக்கிற புது ரிமோட் செல்லாது. தண்ணி அந்த சிக்னல முழுங்கிடும். பழைய மாதிரி நீட்டு ஆன்டெனா வேணும். கைமாத்துல வந்தது ஒண்ணு இருக்கு."

"நல்லா நீளமா இருக்கா?"

"எதவிட நீளமான்னு கேக்கறீங்க?"

அவள் அளந்து பார்த்தே வாங்கினாள்.

ஆறு வாரமும் அவள் மேசையில் பல்லுக்கு நடுவே நீர்மூழ்கி வளர்ந்தது. மோட்டாரையும் பேட்டரியையும் வைத்து மூடும் குழாயில் ஒரு சொட்டுத் தண்ணீர் புகக் கூடாது. ரப்பர் வளையத்துக்கு கிரீஸ் தடவி, பல் செட்டை வாயில் பொருத்துகிற பதமாக அழுத்தினாள். கூடத்தில் வாய் அச்சு ஊற வைக்கும் தொட்டி இருந்தது. அதில் சின்னது கச்சிதமாக அடங்கியது. வயிற்றில் ஈயத் துண்டு, மேலே நுரைத் துண்டு என்று ஒட்டி எடுத்து, எடுத்து ஒட்டி, முதுகு மட்டும் தண்ணீருக்கு வெளியே தெரியும்படி நிறுத்தினாள். பதினாறு வெள்ளையில் மிகப் பளிச்சென்ற வெள்ளையைப் பூசினாள். அண்ணன் இரண்டு தடவை பார்க்க வந்தான். இரண்டாவது தடவை அண்ணியும் வந்தாள்.

"இவங்க எதுக்கு?" என்றாள் பொடிசு.

"பின்னாடி இறக்கை ஒரு நூல் கோணலா இருக்கு நாத்தனாரே" என்றாள் அண்ணி. கோணலாகத்தான் இருந்தது. அதுதான் எரிச்சல்.

ஏழாவது ஞாயிறு அண்ணன் எதிர்க்கரையில் போய் நின்றான். பொடிசு வேகத்தைக் கூட்டி இறக்கையைச் சாய்த்தாள். வெள்ளை முதுகு முன்பக்கம் குனிந்து, தண்ணீருக்குள் போனது. ஒன்றரை அடிக்குக் கீழே வெள்ளையும் டீ நிறமாகிக் கரைந்துவிட்டது. அவளுக்கு எதுவுமே தெரியவில்லை. அந்தக் கரையில் நிற்கிற ஒருவன் வாயை நம்பி நின்றாள்.

"கேப்டன்! வலது!"

பக்கத்தில் கைகட்டி வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த அண்ணி சட்டென்று நிமிர்ந்தாள்.

"உங்கள இல்ல அண்ணி, என்னை" என்றாள் பொடிசு, தண்ணீரிலிருந்து கண்ணை எடுக்காமல், வலது பக்கம் திருப்பிக்கொண்டே.